மெல்லினம்

ரெஜ்ஜோ எமிலியாவின் பெரிய மருத்துவமனை,
மூன்றாம் தளம், சன்னல் இல்லாத அறை.
ஜெல் புட்டியை வெந்நீரில் நிறுத்திவைத்திருக்கிறேன்.
குளிர்ந்த ஜெல் பட்டால் தசை துணுக்குறும்.
துணுக்குற்ற தசை பொய் சொல்லும்.

ஒரியெட்டா மொந்தனாரி, ஐம்பத்தெட்டு வயது.
இமைகளில் ஊதா, பூச்சு அல்ல.
விரல் முட்டிகளில் சிவந்த தடிப்பு.
நாற்காலியிலிருந்து எழ
முதலில் மேசையைப் பிடித்தார்,
பிறகு என் தோளை,
பிறகு ஒரு கெட்ட வார்த்தையை.

என்ன வேலை என்று கேட்டேன்.
படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.
"சீஸ் தட்டுகிறேன்" என்றார்.
கூரைவரை அடுக்கு. சக்கரம் ஒவ்வொன்றும் நாற்பது கிலோ.
ஒரு வருடம் முதிர்ந்ததும்
சின்னச் சுத்தியலால் தட்டிக் காது சாய்த்து
உள்ளே விரிசலா வெற்றிடமா என்று சொல்லிவிட வேண்டும்.
அறுத்துப் பார்த்தால் ஆயிற்று, அதை விற்க முடியாது.
போன நவம்பரில் ஏழாவது வரிசைக்குச் சுத்தியல் ஏறவில்லை.
"சுத்தியல் எவ்வளவு கனம் தெரியுமா? ஒரு ஆப்பிள்."

நாம் இருவரும் ஒரே தொழில்தான்
என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
வருகிறவர்களிடமெல்லாம் எதையாவது ஒப்பிட்டுப் பேசும்
ஆளாகிவிடுவேனோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

தொடையின் வெளிப்புறம், நாரோடும் திசையில்
கருவியை வைக்கிறேன்.
அழுத்தக் கூடாது. அழுத்தினால்
என் கையின் கனம் அவர் தசையின் கணக்கில் ஏறிவிடும்.
தூங்கும் பூனைமேல் வைத்த கைபோல
இருக்க வேண்டும்.

ஒலி ஒருமுறை தள்ளும்.
அவருக்குத் தெரியாது, எனக்குக் கேட்காது.
தசை நடுங்கும். நடுக்கம் பக்கவாட்டில் ஓடும்.
இறுகிய தசையில் விரைந்து,
தளர்ந்ததில் தயங்கி.
ஓடும் என்று சொல்கிறேனே தவிர
நொடிக்கு ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம்.
சந்தைக்கு நடந்துபோகிறவரின் வேகம்.

பத்துமுறை அளந்தேன்.
திரையில் நீலம். நீலத்துக்குள் இன்னும் நீலம்.

"கல்லாகிவிட்டது இல்லையா?
காலையில் எழுந்தால் இரண்டும் மரக்கட்டை."
எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்,
விறைப்பு என்று எழுதிய சீட்டோடு.
எண் வேறு சொன்னது: ஒன்று புள்ளி மூன்று.
வல்லினம் வேண்டிய இடத்தில்
மெல்லினம்.

"மெத்தென்று இருக்கிறதா?" சிரித்தார்,
யாரோ முதுகுக்குப் பின்னால் பேசியதைக்
கேட்டுவிட்டவர்போல.
"தேறாத சக்கரத்தின் தோலில் நாங்கள் கோடு கீறுவோம்.
ரொம்ப மோசமென்றால் முத்திரையையே சுரண்டிவிடுவோம்.
நீங்கள் எங்கே கீறுவீர்கள்?"

ஜெல்லைத் துடைத்தேன்.
வேறொன்றும் தோன்றவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத இருபது பேர் வேண்டும்.
அதில் ஏழாவது ஆள் நான்.
மாலையில் அதே கட்டிலில் படுத்தேன்,
பயிற்சிக்கு வந்த ஜினெவ்ரா அளந்தாள்.
ஒன்று புள்ளி எட்டு.
எதுவும் செய்யாமலே கிடைத்த எண்.
படிகளில் இரண்டிரண்டாக இறங்கினேன்.
பாதியில் நினைவு வந்தது,
மீதியை ஒவ்வொன்றாக.

ஆறு மாதம். ஸ்டீராய்டு, ஊசி, உப்பிய முகம்.
மறுபடி அதே நீலம்.
ஒன்று புள்ளி நான்கு.
டாக்டர் கவாட்சோனி எட்டிப் பார்த்தார்:
"இது கைப்பிழைக்குள் அடங்கும்.
முன்னேற்றம் என்று எழுதிவிடாதே."
எழுதவில்லை.

கிளம்பும்போதுதான் கண்ணில் பட்டது,
பின்னந்தலையில் கோணலாக ஒரு கிளிப்.
யார் குத்திவிட்டது என்று கேட்டேன்.
"யார் இருக்கிறார்கள் குத்திவிட?"

எழும்போது மேசையைப் பிடித்தார்.
தோளைக் குனிந்து கொடுத்தேன், வேண்டியிருக்கவில்லை.
கெட்ட வார்த்தை மட்டும்
அப்படியே இருந்தது.